தொண்டரும் உறுப்பினரும்: அடித்தளக் கட்சிப்பணியைச் சுட்டும் சொற்கள் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஊதியம் பெறாமல் கட்சிப்பணி ஆற்றும் ஊர்மட்டச் செயற்பாட்டாளர், மேடையில் ‘தொண்டர்’ என்றும் கட்சி விதிகளில் ‘உறுப்பினர்’ என்றும் இரு பெயர்களால் சுட்டப்பெறுகிறார். முதற்சொல் கடமையையும் இரண்டாம் சொல் உரிமையையும் முன்னிறுத்துகின்றன. ‘தொண்டர்’ என்னும் சொல் பக்தி இலக்கியத்திலிருந்து விடுதலை இயக்கத்திற்கும், அங்கிருந்து திராவிட, பொதுவுடைமை இயக்கங்களுக்கும் வந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. திருத்தொண்டர் மரபில் பணிவுடன் வினவும் உரிமையும் இணைந்திருந்தது என்பதையும், நவீனக் கட்சி வழக்கு பணிவை ஏற்ற அளவிற்கு வினாவை ஏற்கவில்லை என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொண்டர், உறுப்பினர், கிளை, படிப்பகம், விளிச்சொல், வாக்குச்சாவடி முகவர், திருத்தொண்டர் மரபு.

முன்னுரை

தமிழக அரசியலின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மேடைப்பேச்சு, திரைப்படம், இதழியல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஆய்வுகளும் பல வந்துள்ளன. பெர்னார்டு பேட் 2009இல் வெளியிட்ட நூல், மேடைத் தமிழின் செந்நடை எவ்வாறு அரசியல் ஆற்றலாக மாறியது என்பதை மதுரையைக் களமாகக் கொண்டு விளக்கியது. நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியிட்ட நூல், திராவிடக் கட்சிகளின் அமைப்பையும் அவை சமூகப் பிரிவுகளைத் திரட்டிய முறையையும் ஆராய்ந்தது. இவற்றின் துணைகொண்டு நோக்குமிடத்து, மேடைக்குக் கீழே நின்று கம்பம் நட்டு, கயிறு கட்டி, ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்து, கூட்டம் முடிந்தபின் விரிப்பைச் சுருட்டி வைப்பவரைத் தமிழ்மொழி எப்பெயரிட்டு அழைத்தது, அப்பெயர் அவருக்கு எதனை வழங்கியது என்ற வினா எழுகிறது.

ஒரு சமூகம் ஒருவருக்கு இடும் பெயர், அவரிடம் அது எதிர்பார்ப்பதையும் அவருக்கு அது தர இசைவதையும் ஒருங்கே காட்டும். ஆகவே, அடித்தளக் கட்சிப்பணியை அதனைச் சுட்டும் சொற்களின் வழியே அணுகுவது பொருத்தமானதாகும். இக்கட்டுரை சொல்வரலாறு, இலக்கியச் சான்று, அமைப்பு விதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்குகிறது.

தொண்டு: சொல்லும் பொருளும்

‘தொண்டு’ என்னும் வடிவம் பழந்தமிழில் ஒன்பது என்னும் எண்ணைக் குறிக்கவும் வழங்கியது. தொல்காப்பியச் செய்யுளியலிலும் பரிபாடலிலும் இப்பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. பணி, ஊழியம் என்னும் பொருளில் இச்சொல் தமிழ் வாழ்வில் ஆழமாக வேரூன்றியது பக்தி இலக்கியக் காலத்தில்தான். திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியதும், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்த ஆழ்வார் தம்மைத் தொண்டர்களின் அடிப்பொடி எனப் பெயரிட்டுக்கொண்டதும் தொண்டு என்பதன் பொருள் எல்லையை வரையறுத்தன. மனத்தளவிலான பற்று தொண்டாகாது. உடலுழைப்பே தொண்டு என்பது அவ்வரையறை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெருங்காப்பியத்தின் இயற்பெயர் திருத்தொண்டர் புராணம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அதில் வரும் தொண்டர்கள் பலரும் தத்தம் தொழிலையே தொண்டாக்கியவர்கள். திருநீலகண்டர் அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்தார். திருக்குறிப்புத் தொண்டர் அவர்தம் உடையை வெளுத்தளித்தார். இளையான்குடி மாறனார் அமுதளித்தார். குயவரும் வண்ணாரும் வேளாளரும் ஒரே பெயரால் சுட்டப்பெறும் வாய்ப்பை ‘தொண்டர்’ என்னும் சொல் வழங்கியது. பிற்காலத்தில் வெகுமக்கள் இயக்கங்கள் இச்சொல்லைத் தேர்ந்தமைக்கு இப்பொதுமையும் ஒரு காரணம் எனலாம். சாதியையோ தொழிலையோ சுட்டாமல், செய்யும் பணியொன்றையே சுட்டும் பெயர் அது.

திருத்தொண்டர் மரபின் இரு முகங்கள்

தொண்டர் மரபு முழுமையான அடிபணிதலைக் கோருவது என்பது பொதுவான எண்ணம். திருத்தொண்டர் புராணத்தின் இரு வரலாறுகள் இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

முதலாவது அப்பூதியடிகள் வரலாறு. திங்களூரில் வாழ்ந்த அவர், திருநாவுக்கரசரை நேரிற் காண்பதற்கு முன்பே அவர்மீது பற்றுக்கொண்டு, தம் மக்களுக்கும் வீட்டிலிருந்த அளவைகளுக்கும் ஆக்களுக்கும் அவர் பெயரையே இட்டார். வழிப்போக்கர்க்கு அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அப்பெயரே எழுதப்பட்டிருந்தது. கோடைக்காலத்தில் தலைவர் பெயரால் நீர்மோர்ப் பந்தல் அமைப்பதும், பிறந்த குழந்தைக்குத் தலைவர் பெயரிடுவதும் இன்றைய கட்சித் தொண்டர்களின் வழக்கம். பற்றினை வெளியிடும் வடிவம் நூற்றாண்டுகளைக் கடந்தும் மாறாதிருப்பதை இவ்வொப்புமை காட்டுகிறது. எனினும், இவ்வரலாற்றில் பின்னர் நிகழ்வது கூடுதற் கவனத்திற்குரியது. அவ்வழியே வந்த நாவுக்கரசர் தம்மை இன்னாரென்று கூறாமல், பந்தலில் உம்முடைய பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அப்பூதியாரை வினவுகிறார். தொண்டரின் பெயர் எங்கே என்னும் கேள்வி இங்குப் பெயருக்குரியவரிடமிருந்தே எழுகிறது.

இரண்டாவது விறன்மிண்டர் வரலாறு. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தபோது, சுந்தரர் அவர்களை வணங்காது ஒதுங்கி இறைவனை வழிபடச் சென்றார். சுந்தரர் அவர்களுக்கு அடியராகும் நாள் எந்நாளோ என உள்ளத்தில் எண்ணியே சென்றார் எனச் சேக்கிழார் விளக்கம் தருகிறார். ஆயினும் அடியாரைப் புறக்கணித்துச் செல்பவர் அடியார் கூட்டத்திற்குப் புறம்பானவர் என்றும், அவரை ஆட்கொண்ட இறைவனும் அவ்வாறே புறம்பானவன் என்றும் விறன்மிண்டர் அறிவித்தார். அதன் விளைவாகவே சுந்தரர் அடியார்களைப் பெயர்சொல்லிப் போற்றும் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதிக்கும் சேக்கிழாரின் காப்பியத்திற்கும் அத்தொகையே மூலமாயிற்று.

தொண்டர்களின் பெயர்ப்பட்டியல் உருவானதே ஒரு தொண்டர் வாயிலில் நின்று எழுப்பிய மறுப்பினால் என்பது இங்கு முதன்மையான செய்தி. மறுத்தவர் தண்டிக்கப்படவில்லை, அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றப்பட்டார். ஆகவே திருத்தொண்டர் மரபில் பணிவும் வினாவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தொண்டாற்றியவருக்கே வினவும் தகுதி உண்டு என்பது அம்மரபின் உட்கிடை.

தொண்டர் படை: 1930, 1938

இருபதாம் நூற்றாண்டின் விடுதலை இயக்கம் இச்சொல்லைத் தன்னார்வப் பணியாளரைக் குறிக்க எடுத்தாண்டது. ‘தொண்டர் படை’ என்னும் தொடர் அப்போது பரவலாயிற்று. பணிவைச் சுட்டும் சொல்லோடு போரைச் சுட்டும் சொல் இணைந்தமை இத்தொடரின் புதுமை. அறப்போர் என்னும் கருத்தாக்கம் இவ்விணைப்பை இயல்பாக்கியது.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்து, 30ஆம் நாள் உப்பெடுத்தனர். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட நிருவாகம் எச்சரித்திருந்த நிலையிலும் வழியிலிருந்த ஊர்மக்கள் உணவளித்தனர். நடந்த தொண்டர்களைப் போலவே, எச்சரிக்கையை மீறி உணவளித்தவர்களும் அரசியற் பணியில் ஈடுபட்டவர்களே. ஊர்மட்டத் தன்னார்வப்பணி எப்போதும் இவ்விரு வகையினரால் ஆனது. ஒருவர் பெயர் பட்டியலில் ஏறும். மற்றவர் பெயர் ஏறுவதில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, அதே திருச்சிராப்பள்ளியிலிருந்து இன்னொரு நடைப்பயணம் தொடங்கியது. கட்டாய இந்தியை எதிர்த்து 1938 ஆகஸ்டு 1 அன்று புறப்பட்ட தமிழர் படை, ஊர்தோறும் கூட்டம் நடத்திச் செப்டம்பர் 11 அன்று சென்னையை அடைந்தது. முந்தைய பயணத்திற்குத் தலைமையேற்ற இராஜாஜி, இப்பயணம் எதிர்த்த ஆட்சியின் முதன்மை அமைச்சராக இருந்தார். நோக்கங்கள் வேறாயினும், நடத்தல், ஊர்தோறும் பேசுதல், ஊரார் அளிக்கும் உணவை உண்ணுதல் என்னும் செயல்முறை ஒன்றாகவே இருந்தது. ஓர் அரசியலணி வகுத்த தொண்டர் பணியின் இலக்கணத்தை எதிரணியும் கைக்கொள்ள இயலும் என்பதற்கு இவ்விரு பயணங்களும் சான்று.

தமிழர் படையுடன் நடந்தவர்களுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். காங்கிரசிலும் பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றிய அவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். நடந்தும் பேசியும் எழுதியும் பணியாற்றிய இவர் வாழ்க்கை, இயக்கப்பணிக்கும் மொழிப்பணிக்கும் இடையே கோடு கிழிக்க இயலாது என்பதைக் காட்டுகிறது.

விளிச்சொற்கள்: தோழர், தம்பி, உடன்பிறப்பு

தொண்டர் என்பது சுட்டுப்பெயர். தலைமை தொண்டரை நேர்நின்று அழைக்கும்போது வேறு சொற்களைக் கையாண்டது. 1930களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பிய பெரியார், மரியாதை அடைமொழிகளுக்கு மாற்றாகத் ‘தோழர்’ என்பதனைப் பரிந்துரைத்தார். பொதுவுடைமை இயக்கத்தில் இன்றுவரை நிலைத்திருக்கும் இவ்விளி, அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறது. தலைவரையும் தோழர் என்றே அழைக்கலாம் என்பது இதன் தனித்தன்மை.

1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் உறவுமுறைப் பெயர்களை நாடியது. அண்ணா, ‘திராவிட நாடு’ இதழில் 1955 முதல் ‘தம்பிக்கு’ என விளித்து எழுதிய மடல்கள், படிப்பகங்களில் கூடிய இளைஞர்களுக்கு வரலாறு, பொருளியல், உலக நடப்பு ஆகியவற்றின் பாடங்களாக அமைந்தன. அண்ணாதுரை என்னும் இயற்பெயர் ‘அண்ணா’ எனச் சுருங்கி வழங்கியமையால், எழுதுபவர் தமையனாகவும் படிப்பவர் தம்பியாகவும் உறவு எளிதில் அமைந்தது. கலைஞர் ‘முரசொலி’யில் பல பத்தாண்டுகள் எழுதிய மடல்களின் விளி ‘உடன்பிறப்பே’ என்பது. 1972இல் தனிக்கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆர். இவ்வுறவை இரத்தத் தொடர்பாகவே உருவகித்தார்.

இவ்வரிசையில் ஒரு போக்கு புலப்படுகிறது. தோழமை கொள்கையால் அமைவது. கொள்கை மாறின் நீங்கக்கூடியது. உடன்பிறப்பு பிறப்பால் அமைவது, நீங்க இயலாதது. விளிச்சொல் உறவின் நெருக்கத்தைக் கூட்டக் கூட்ட, விலகும் உரிமை சொல்லளவில் குறைந்துகொண்டே வந்தது. உறவுமுறை விளி தொண்டருக்கு வழங்கிய மதிப்பினைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஊரில் பெயர்சொல்லி ஏவப்பட்ட ஒருவர், மாநிலத் தலைவரால் தம்பி என அழைக்கப்பட்டது சிறிய மாற்றமன்று. ஆயினும் குடும்பத்தில் தம்பிக்குப் பாகத்தில் உரிமை உண்டு; கட்சியில் அவ்வுரிமையின் வடிவம் யாது என்பதற்கு விளிச்சொல் விடை தருவதில்லை.

கிளையின் முப்பணிகள்

கட்சி அமைப்பின் அடியில் இருப்பது கிளை. அதன்மேல் ஒன்றியம், பேரூர், நகரம், மாவட்டம் என அமைப்புகள் அடுக்கப்படுகின்றன. கிளையில் பணியாற்றுவோரின் வேலைகளைச் சொற்பணி, ஊர்ப்பணி, கணக்குப்பணி என மூன்றாகப் பகுக்கலாம்.

சொற்பணி என்பது படித்தல், படித்துக்காட்டுதல், எழுதுதல், பேசுதல் ஆகியன. ஓலைக்கொட்டகையிலோ ஒற்றை அறையிலோ அமைந்த படிப்பகத்தில் ஒருவர் இதழை உரக்கப் படிக்கச் சூழ இருந்தோர் கேட்பது இயக்கக் கிளைகளின் அன்றாடச் செயலாக இருந்தது. தேநீர்க்கடையும் முடிதிருத்தகமும் இதே பணியைச் செய்தன. எழுத்தறியாதவரும் இதழின் கருத்தைப் பெற்று மறுநாள் அதனை வாதிட்டார். சுண்ணாம்பு பூசிய சுவரில் பிழையற எழுதக் கற்றவர், மைதாப் பசை காய்ச்சி இரவில் சுவரொட்டி ஒட்டியவர், பெருந்தலைவர் வரும்வரை மேடையில் பேசிக் கூட்டத்தைக் கலையாது காத்தவர் ஆகியோர் இப்பணியால் உருவானவர்களே. பள்ளிக்கல்வியைத் தொடராத ஜெயகாந்தன், சென்னையில் பொதுவுடைமைக் கட்சியின் கூட்டுவாழ்க்கையில் இருந்து பெற்ற பயிற்சியை ‘ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். கட்சி அலுவலகம் ஒரு கல்விக்கூடமாகவும் விளங்கியமைக்கு அந்நூல் சான்றாகும்.

ஊர்ப்பணி என்பது அண்டை வீட்டாருக்கும் அரசு அலுவலகத்திற்கும் இடையே நிற்பது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுதல், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க அலைதல், பட்டா மாறுதலுக்கு வருவாய் அலுவலகத்தில் காத்திருத்தல், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல், இறப்பு வீட்டில் பந்தல் போடுதல் ஆகியன இதில் அடங்கும். கிளைச் செயலாளரின் செல்வாக்கு பெரிதும் இப்பணியினாலேயே அமைகிறது. இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. உரிமையாகக் கிடைக்க வேண்டியது ஒருவர் வாங்கித் தந்த உதவியாகத் தோற்றம் பெறுகிறது. பெற்றவர் அரசுக்கன்றி, உடன்வந்தவருக்குக் கடன்பட்டவராகிறார். இடைநிற்பவர் பயன்கருதத் தொடங்குமிடத்தில் தொண்டு தரகாகிறது.

கணக்குப்பணி என்பது வாக்காளர் பட்டியலோடு தொடர்புடையது. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோரப் படிவம் 7, திருத்தப் படிவம் 8 எனப் படிவங்களை நிரப்பச் செய்தல், குடிபெயர்ந்தோரையும் இறந்தோரையும் அடையாளங்காணல், வாக்குப்பதிவு நாளில் யார் வந்தார், யார் வரவில்லை எனக் குறித்தல் ஆகியன இப்பணியின் கூறுகள்.

படிப்பகத்தின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பெற்றபின், கிளையின் சொற்பணி சுருங்கியது. கட்சியின் கருத்து இன்று தலைமையகத்திலிருந்து நேராக ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிடுகிறது. அதனை விளக்கவும் வாதிடவும் இடையே ஒருவர் தேவைப்படுவதில்லை. கிடைத்ததை மேலும் பலருக்கு அனுப்புதலே போதுமாகிறது. ஊர்ப்பணியும் கணக்குப்பணியும் தொடர்கின்றன. ஆனால் தொண்டர் சிந்திக்கவும் மறுத்துரைக்கவும் பயிற்சி பெற்ற களம் சொற்பணியே என்பதால், அதன் சுருக்கம் வெறும் வேலை மாற்றமாக முடியவில்லை. கூட்டத்தை நிரப்பும் தலைகளுள் ஒன்றாக அவர் எண்ணப்படும் நிலை வலுப்பெற்றது. தலைவரின் வருகைக்காக வெயிலில் காத்திருக்க ஊர்தியில் அழைத்துவரப்பட்ட பெண்களை மையப்படுத்தி இமையம் எழுதிய ‘வாழ்க வாழ்க’ என்னும் குறுநாவல் இந்நிலையின் இலக்கியப் பதிவு. அங்குத் திரண்டிருப்போர் தொண்டர்களும் அல்லர், உறுப்பினர்களும் அல்லர். கூட்டம் என்னும் அஃறிணைப் பெயரே அவர்களுக்கு எஞ்சுகிறது.

‘தொண்டன்’: பாலும் மதிப்பும்

இன்றைய அரசியல் வழக்கில் ‘அடிமட்டத் தொண்டன்’, ‘கடைக்கோடித் தொண்டன்’, ‘உண்மைத் தொண்டன்’ ஆகிய தொடர்கள் மிகுதியாகப் பயில்கின்றன. இவை புகழ்மொழிகளாகவே கூறப்படுகின்றன. எனினும் இலக்கண நோக்கில் இரு செய்திகள் தெளிவாகின்றன.

ஒன்று, தலைவர் ‘அர்’ ஈற்று மதிப்புப்பன்மையால் சுட்டப்பெறும் அதே வாக்கியத்தில் தொண்டன் ‘அன்’ ஈற்று ஒருமையால் சுட்டப்பெறுகிறான். ‘அடிமட்டம்’, ‘கடைக்கோடி’ என்னும் அடைகளும் அவனைப் போற்றும் அதே வேளையில் அவனது இடம் கீழே என்பதையும் உறுதி செய்கின்றன.

மற்றொன்று, ‘தொண்டன்’ என்பதற்கு இணையான பெண்பாற் சொல் அரசியல் வழக்கில் இல்லை. ‘பெண் தொண்டர்’ என அடைகொடுத்தே சுட்ட வேண்டியுள்ளது. அல்லது ‘மகளிர் அணி’ எனத் தொகுத்துக் கூற வேண்டியுள்ளது. தஞ்சைப் பகுதியில் உழவுத் தொழிலாளரைத் திரட்டிப் போராடிய மணலூர் மணியம்மாள், முடியைக் கத்தரித்து வேட்டி சட்டை அணிந்து ஊர்களில் நடமாடினார். அவர் வாழ்வை ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் நாவலாக இராஜம் கிருஷ்ணன் எழுதினார். தனித்து அலையும் அரசியற் பணியாளர் என்றால் ஆண் என்றே சமூகம் கருதிய சூழலில், பெண்ணொருவர் தம் தோற்றத்தையே மாற்றிக்கொண்டதைச் சொல்லின் வெற்றிடத்தோடு இணைத்துக் காண இடமுண்டு. ஆண் தொண்டரின் வீட்டில், நேரங்கெட்ட நேரத்தில் வரும் கட்சிக்காரர்களுக்குச் சமைத்தவரின் உழைப்பும் எப்பெயரும் பெறாததே.

உறுப்பினர், முகவர்: உரிமையின் சொற்கள்

கட்சியின் விதிநூலில் ‘தொண்டர்’ என்னும் சொல்லைவிட ‘உறுப்பினர்’ என்பதே செயற்படும் சொல். முற்பட்ட வழக்கு ‘அங்கத்தினர்’. தனித்தமிழ் உணர்வு அதனை ‘உறுப்பினர்’ என மாற்றியது. இரண்டின் அடிப்பொருளும் உடலின் உறுப்பு என்பதே. உறுப்பின்றி உடல் இல்லை என்பதால், உறுப்பினரின்றிக் கட்சி இல்லை என்னும் கருத்து இச்சொல்லின் உள்ளமைந்தது.

உறுப்பினருக்குச் சந்தா உண்டு, அட்டை உண்டு, கிளைத் தேர்தலில் வாக்கு உண்டு. கட்சிகள் குறித்த காலத்தில் அமைப்புத் தேர்தல் நடத்த வேண்டுமெனத் தேர்தல் ஆணையமும் எதிர்பார்க்கிறது. பொதுவுடைமைக் கட்சிகளில் கிளை மாநாட்டிலிருந்து மேலமைப்பு நோக்கிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க கால விதிகள், பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வகைசெய்தன. விதியளவில் உறுப்பினரின் இடம் உயர்ந்ததே. நடைமுறையில், பதவிக்கு ஒருவரே மனு அளித்துப் போட்டியின்றித் தேர்வாவது பெரிதும் போற்றப்படுகிறது. போட்டியிட முனைபவர் ‘கட்டுப்பாடு’ குலைத்தவராகக் கருதப்படும் இடங்களில் உறுப்பினரின் உரிமையைத் தொண்டரின் கடமை விழுங்கிவிடுகிறது. ஒருவரையே சுட்டும் இரு பெயர்களுள், எப்பெயரால் அவர் அழைக்கப்படுகிறார் என்பது அவர் என்ன கேட்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

இதற்கு மாறான ஓர் இடம் வாக்குச்சாவடி. அங்குத் தொண்டர் ‘முகவர்’ என்னும் மூன்றாம் பெயரைப் பெறுகிறார். வேட்பாளரின் முகமாக நிற்பவர் என இதற்குப் பொருள் கொள்ளலாம். வாக்குப்பதிவு தொடங்குமுன் குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு நடத்தப்படும் மாதிரி வாக்குப்பதிவை அவர் நேரிற்கண்டு கையொப்பமிடுகிறார். வந்தவர் உரிய வாக்காளர்தானா என ஐயுற்றால், 2 ரூபாய் வைப்புத்தொகை செலுத்தி ஆட்சேபம் எழுப்பலாம். தலைமை அலுவலர் அதனை விசாரித்தே ஆகவேண்டும். முடிவில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி-யின் படி அவருக்கு வழங்கப்படுகிறது. வினவுதலும் சரிபார்த்தலும் கையொப்பமிடுதலும் இங்கு அவருடைய உரிமை. அவற்றைச் செய்யாமையே குறை. சட்டம் ஒரு நாளைக்கு வழங்கும் இவ்வுரிமையைக் கட்சி அமைப்பு ஆண்டின் பிற நாள்களுக்கு வழங்குகிறதா என்னும் வினா இயல்பாக எழுகிறது.

ஊராட்சித் தேர்தலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ், கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கான தேர்தல் கட்சிச் சார்பின்றி நடைபெறுகிறது. ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி வார்டுகளுக்கே கட்சிச் சின்னங்கள் உண்டு. ஆகவே கிளைத் தொண்டர் தம் சொந்த ஊரில் போட்டியிடும்போது தலைவர் பெயரும் கட்சிச் சின்னமும் முறைப்படி துணைவருவதில்லை. சாதியும் பணமும் அங்கும் செயற்படுகின்றன என்பது உண்மையே. எனினும் ஆண்டுக்கணக்கில் ஆற்றிய ஊர்ப்பணியைத் தம் பெயரால் முன்வைத்து வாக்குக் கேட்க அவருக்கு வாய்க்கும் இடம் அதுவே. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப்பின் உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டமையால், பெயரற்ற உழைப்பாளராய் இருந்த பெண்களுக்கும் இவ்வாய்ப்பு விரிந்துள்ளது.

தெருமுனைப் பதாகைகளில் தலைவரின் பேருருவத்தின்கீழ் வரிசையாக அமையும் சிறுமுகங்களையும் இவ்வொளியில் காணலாம். விளம்பர ஆசை என அவை எள்ளப்படுவதுண்டு. பட்டியலில் பெயரேறாத உழைப்பு தன் முகத்தைத் தானே காட்டிக்கொள்ளும் முயற்சி என்றும் அவற்றைப் படிக்க இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ‘தொண்டர்’ என்னும் சொல், சாதி தொழில் கடந்து பணியால் மனிதரை ஒன்றாக்கும் ஆற்றலைப் பக்தி இலக்கியத்தில் பெற்று, அவ்வாற்றலோடு அரசியலுக்கு வந்தது. விடுதலை இயக்கமும் மொழிப்போராட்டமும் அதற்குப் படை என்னும் சொல்லைச் சேர்த்தன. உறவுமுறை விளிகள் தொண்டருக்கு மதிப்பையும் நெருக்கத்தையும் அளித்தன, உரிமையை வரையறுக்கவில்லை. கிளையின் சொற்பணி சுருங்கியபோது தொண்டர் கருத்துரைக்கப் பயின்ற களமும் சுருங்கியது. ‘உறுப்பினர்’, ‘முகவர்’ ஆகிய சொற்கள் உரிமையைச் சுட்டினும், மேடை வழக்கில் ‘தொண்டன்’ என்பதே மேலோங்கி நிற்கிறது.

கட்சிப்பணிக்கு முன்வரும் இளைஞர் ஒருவர் எதிர்கொள்ளும் சிக்கல் இதனுள் அடங்கியுள்ளது. அவர் உழைப்பைத் தரச் சொல்லப்படுகிறார். கருத்தைத் தரச் சொல்லப்படுவதில்லை. இதற்கான தீர்வை ‘தொண்டர்’ என்னும் சொல்லைக் கைவிடுவதில் தேடவேண்டியதில்லை. விறன்மிண்டரின் மறுப்பால் பிறந்த பட்டியலையும், உம் பெயர் எங்கே என வினவிய நாவுக்கரசரையும் தன்னகத்தே கொண்ட மரபு அது. அம்மரபின் ஒரு பாதியையே நவீனக் கட்சிகள் பெரிதும் எடுத்தாண்டுள்ளன. எஞ்சிய பாதியை மீட்பது கிளைக் கூட்டம் முறையாகக் கூடுவதிலும், அங்கு எழும் வினா குறிப்பேட்டில் பதிவாவதிலும், போட்டியிடுபவர் பகைவராகக் கருதப்படாமையிலும் தொடங்கும். கிளைக் குறிப்பேடுகள், படிப்பகப் பதிவுகள், ஊர்மட்டப் பணியாளரின் வாய்மொழி வரலாறுகள் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்வது தமிழாய்வுலகம் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.